சௌந்தரம் விழாமல் இருக்க

செப்டம்பர் 8

மேல் வளைவில் குடியிருந்த வின்சென்ட் மாஸ்டரை இன்று அடக்கம் செய்தோம். குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். தனி ஆள். வாசலில் பால் பாக்கெட்டுகள் எடுக்காமல் கிடப்பதைப் பார்த்துச் சந்தேகப்பட்டுத்தான் கதவை உடைத்திருக்கிறார்கள். விழுந்த உடனே உயிர் போகவில்லை என்று போலீஸ்காரர் யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. என் மனைவி சௌந்தரத்தின் காதிலும் விழுந்திருக்கும். வீடு வரும்வரை அவள் என் கையை விடவில்லை.

மேகலாவுக்கு அதற்குள் செய்தி போய்விட்டது. பெங்களூரிலிருந்து கூப்பிட்டாள்.

"அப்பா, போதும். ரெண்டு பேரும் கிளம்பி இங்க வந்துருங்க. இனி அங்க தனியா இருக்க வேண்டாம்."

மகளின் வீடு பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறது. போன தடவை போனபோது சௌந்தரம் பால்கனிப் பக்கமே வரவில்லை. ஊருக்குத் திரும்பும் நாளை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வீட்டைச் சரி பண்ணிடறேன் கண்ணு," என்றேன். "பொங்கல் வரைக்கும் டைம் குடு. அதுக்குள்ள எங்கள்ல ஒருத்தர் விழுந்தாலும் நானே மூட்டை கட்டிட்டு வந்துடறேன்."

"வாக்கு குடுங்க."

கொடுத்தேன்.

செப்டம்பர் 10

காலையில் வீட்டைச் சுற்றி வந்து ஒவ்வோர் இடமாகப் பார்த்தேன். கோவை நூற்பாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தபோது திங்கட்கிழமைதோறும் இப்படித்தான் சுற்றுவேன். என் காலத்தில் அந்த ஆலையில் ஒரு தொழிலாளிக்கு ஒரு விரல்கூடப் போனதில்லை. சொந்த வீட்டை இத்தனை வருடம் அந்தக் கண்ணோடு பார்க்காமல் விட்டிருக்கிறேன். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரு தடுக்குப் படி. கால்மிதி ஒன்றுகூடத் தரையில் ஒட்டி நிற்பதில்லை. கொல்லைப்புற சிமெண்டில் பாசி.

சௌந்தரம் பின்னாலேயே வந்தாள். "ஏனுங்க, வீட்ட மில்லா மாத்தப் போறீங்களா? எனக்கும் ஒரு சங்கு வாங்கி வெச்சுருங்க. சோறு ஆனதும் ஊதறேன்."

கிண்டல்தான். ஆனாலும் நான் தடுக்குப் படியைக் காட்டியபோது அவளே குனிந்து பார்த்தாள்.

செப்டம்பர் 15

கழிவறையிலும் குளியலறையிலும் கைப்பிடிக் கம்பிகள் போட்டாயிற்று. என் எடையை முழுதும் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். அசையவில்லை. தடுக்குப் படி சரிவாக்கப்பட்டது. குளியலறையின் உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். விழுந்தால் கதவை உடைக்கிற நிலைமை வரக்கூடாது.

வெந்நீர்தான் பெரிய பிரச்சினை. கொல்லையில் விறகு பாய்லர். அங்கிருந்து கொதிக்கிற தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு பாசித் தரையைக் கடந்து வரவேண்டும். கோத்தகிரியில் வெந்நீர் இல்லாமல் குளிக்கவும் முடியாது. கரண்ட் கீசர் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று தெரியாது. தவிர, தண்ணீரும் கரண்டும் ஒரே அறையில் இருப்பதை நான் ஆலையிலேயே அனுமதித்ததில்லை. கேஸ் கீசர்.

செப்டம்பர் 20

கீசர் குளியலறைச் சுவரில் ஏறிவிட்டது. சிலிண்டரை வெளியே வைத்து, சுவரில் துளையிட்டுக் குழாய் கொண்டுவந்தேன். கேஸ் கசிந்தாலும் அறைக்குள் தங்காது. மேலே கண்ணாடித் தகடுகளை இடைவெளி விட்டு அடுக்கிய ஜன்னல். கதவுக்கு அடியில் நல்ல இடைவெளி. காற்றுக்குக் குறைவில்லை.

குழாயைத் திறந்ததும் உள்ளே நீலத் தீ எரிகிறது. சூடான தண்ணீர் கொட்டுகிறது. சௌந்தரம் கையை நீட்டிப் பார்த்துச் சிரித்தாள். "இதுக்கு முன்னாடியே ஒருத்தர் செத்திருக்கலாம் போல," என்றாள். பிறகு தான் சொன்னது தனக்கே பிடிக்காமல் வெளியே போய்விட்டாள்.

அக்டோபர் 4

பாசியைச் சுரண்டினேன். மேகலாவுக்கு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பினேன். கட்டை விரல் ஒன்றைப் பதிலாக அனுப்பினாள்.

அக்டோபர் 13

மழை பிடித்துக்கொண்டது. குளியலறை ஜன்னல் வழியாகக் குரங்கு கை விட்டு சோப்பை எடுத்திருக்கிறது. உள்ளே சௌந்தரம் இருந்திருக்கிறாள். பயந்து பின்வாங்கியதில் கால் வழுக்கிற்று. கம்பியைப் பிடித்திருக்கிறாள். கம்பி தன் வேலையைச் செய்தது.

சாயங்காலம் ஜன்னலில் ஒட்டுப்பலகை அடித்தேன். குளிர்காற்று நின்றதும் நல்லதாயிற்று. "இப்பத்தான் நடுங்காம தலை துவட்ட முடியுது," என்றாள்.

அக்டோபர் 22

குளித்த தண்ணீர் கதவுக்கு அடியில் கசிந்து கூடம் வரை வருகிறது. காலையில் நானே அதில் ஒரு சறுக்குச் சறுக்கினேன். விழவில்லை. கதவின் அடியில் ரப்பர் பட்டை வைத்து இறுக்கி அடித்தேன். இனி ஒரு சொட்டு வெளியே வராது.

அக்டோபர் 27

சௌந்தரத்துக்குத் தலைவலி. மழையில் இது சகஜம். சுக்கு போட்டுக் கொடுத்தேன்.

நவம்பர் 2

இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதிவைப்பதுதான் முறை.

இன்று காலையில் குளித்துவிட்டு வந்த சௌந்தரம் சமையலறையில் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, பாத்திரத்தையே வைக்காமல் வெறும் தீயைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. தோளைத் தொட்டதும்தான் என்னைப் பார்த்தாள்.

"என்ன பண்ண வந்தன்னு தெரியலீங்க."

"காப்பிக்குத்தான?"

"அப்படியா," என்றாள்.

முப்பது வருடம் பூகோளம் சொல்லிக்கொடுத்தவள். எந்த நதி எந்த மலையில் பிறக்கிறது என்று எப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். அவள் 'அப்படியா' என்று சொன்ன குரல் எனக்குப் பிடிக்கவில்லை. மத்தியானத்துக்குள் சரியாகிவிட்டாள். மாதி அம்மா கொண்டுவந்த முட்டைக்கோஸை நறுக்கிக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் பேசினாள். மாதி அம்மா கீழ் வீட்டில் இருப்பவர். தன் தோட்டத்துக் காய் எதுவானாலும் எங்களுக்கு ஒரு பங்கு கொண்டுவந்து தருவார்.

நவம்பர் 5

அடுப்பில் தானாக அணையும் வால்வு பொருத்தினேன். கத்திகளை மேல்தட்டுக்கு மாற்றினேன். காரணம் கேட்டாள். எறும்பு வருகிறது என்றேன். கத்திக்கு எறும்பா என்று அவள் கேட்காதது வருத்தமாக இருந்தது.

நவம்பர் 9

சௌந்தரம் குளியலறையில் உட்கார்ந்துவிட்டாள். விழவில்லை. கால் துவண்டு, கம்பியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்திருக்கிறாள். அடி எதுவும் இல்லை. முகம் நன்றாகச் சிவந்து, பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருந்தாள். ஆனால் பேச்சு குழறியது. ஒருமுறை வாந்தி எடுத்தாள்.

மேகலாவிடம் சொல்லவில்லை. விழுந்தால் கிளம்பி வருவதாகத்தான் வாக்கு.

நவம்பர் 12

தீபாவளி. மேகலா வரமுடியவில்லை. போனில் அம்மாவோடு பேசிவிட்டு என்னைத் தனியாகக் கேட்டாள்.

"அப்பா, அம்மா ஒரே விஷயத்த மூணு தடவ கேட்டாங்க. மறைக்காம சொல்லுங்க. என்ன நடக்குது?"

அடுப்பு விஷயத்தைச் சொன்னேன். உட்கார்ந்ததைச் சொல்லவில்லை. அப்புறம் மறதி நோயைப் பற்றி ஒரு டாக்டர் பேசும் வீடியோவை அனுப்பினாள். கோவையில் சித்தப்பா வீட்டில் தங்கிச் சோதனை எல்லாம் எடுக்கச் சொன்னாள்.

எண்ணெய் தேய்த்துக் குளித்த அசதி. எனக்கும் சீக்கிரம் படுக்கவேண்டும்போல் இருக்கிறது.

நவம்பர் 20, கோவை

தம்பி வீட்டில் தங்கியிருக்கிறோம். தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் சௌந்தரத்திடம் நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார். அவள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாள். அவரே போதும் என்று கை காட்டினார். "உங்க வயசுக்கு என்னைவிட நல்லாவே இருக்கீங்க," என்றார். ஏதோ சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

வீட்டில் தம்பி பேத்திக்கு உலகப்படம் வரைந்து காட்டினாள். பார்க்காமல் வரைந்தாள். ஆப்பிரிக்காவின் அந்த வளைவுகூடச் சரியாக வந்தது.

என் தலைவலியும் போய்விட்டது. தலைவலி இருந்ததை நான் இங்கே எழுதவில்லை போலிருக்கிறது. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று நினைத்திருந்தேன். மலையை விட்டு இறங்கியது இரண்டு பேருக்கும் நல்லதாகப் போயிற்று.

நவம்பர் 24

வீடு திரும்பினோம். மாத்திரை வேலை செய்கிறது.

நவம்பர் 27

மாத்திரை வேலை செய்யவில்லை. காலை பத்து மணிக்கு சௌந்தரம் கூடத்தில் நின்று, கோவையிலிருந்து எப்போது வீட்டுக்குப் போவோம் என்று கேட்டாள்.

டிசம்பர் 1

குளிக்கமாட்டேன் என்கிறாள். இது மூன்றாவது நாள். அந்த வீடியோவில் டாக்டர் இதைத்தான் சொல்லியிருந்தார். இந்த நோய் வந்தவர்கள் குளிக்கப் பயப்படுவார்களாம். தண்ணீரைக் கண்டு மிரளுவார்களாம். அதட்டாமல் நயமாகப் பேசி அழைத்துப்போகவேண்டுமாம்.

நயமாகப் பேசினேன்.

"தண்ணி நல்லா சூடா வருது, சௌந்தரம். வா."

"தண்ணிக்கு என்னங்க, அந்த ரூமுதான். உள்ள போனா நெஞ்ச யாரோ அமுக்கற மாதிரி இருக்குதுங்க. மூச்சு அடைக்குது."

"அது பயம்தான். நான் வெளிய நிக்கறேன்."

"நீங்க நின்னா மூச்சு வந்துருமா?"

இந்தக் கேள்வியை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பழைய சௌந்தரம் கேட்டதுபோலவும் இருந்தது, நோய் கேட்டதுபோலவும் இருந்தது. நான் டாக்டர் சொன்ன மாதிரி அவளோடு வாதம் செய்யவில்லை. அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனேன். போனாள். நான் சொன்னால் கேட்பாள்.

டிசம்பர் 3

உட்கார்ந்து குளிக்க பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று வாங்கிவந்தேன். கால்களில் ரப்பர் பிடிப்பு உள்ளது. இனி அவசரமில்லாமல் நிதானமாகக் குளிக்கலாம். வெந்நீர் தோளில் விழுந்துகொண்டே இருந்தால் பயம் தெளியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

வெளியே உறைபனி. தேயிலைச் செடிகளின் மேல் சுண்ணாம்பு அடித்ததுபோல் இருக்கிறது.

டிசம்பர் 6

மாதி அம்மா வந்திருந்தார். சௌந்தரம் அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் என்னிடம் வந்து, "டீச்சர் எங்க வீட்டுல வந்து குளிக்கட்டுமான்னு கேக்கறாங்க, சார். வரட்டுமே, எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல," என்றார்.

எனக்கு அவமானமாக இருந்தது. வீட்டில் இத்தனை வசதி செய்து வைத்துவிட்டு, ஈரச் சரிவில் இறங்கி அடுத்த வீட்டுக்குக் குளிக்கப் போவதா. அந்தச் சரிவில் கைப்பிடி எதுவும் கிடையாது. வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

மாதி அம்மா போனதும் சௌந்தரம், "நான் பைத்தியம்னு அவங்ககிட்டயும் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். கோபம் இல்லாமல் கேட்டாள்.

டிசம்பர் 8

மேகலா பிப்ரவரியில் எங்களைக் கூட்டிப்போக ஏற்பாடு செய்கிறாளாம். வாக்கு பொங்கல் வரைக்கும் என்று நினைவூட்டினேன். "அம்மாவோட நிலைமையப் பாருங்கப்பா," என்றாள். அவள் அழுவது கேட்டது. நான் போனை வைத்துவிட்டு, செய்யவேண்டியது இன்னும் என்ன பாக்கி என்று வீட்டைச் சுற்றி வந்தேன். எதுவும் பாக்கியில்லை.

டிசம்பர் 14, மருத்துவமனை

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினோராம் தேதி காலை சௌந்தரத்தைக் குளிக்க அனுப்பினேன். வழக்கம்போல் வேண்டாம் என்றாள். வழக்கம்போல் கூட்டிப்போய் நாற்காலியில் உட்காரவைத்தேன். கதவைச் சாத்தினேன். குளிர் உள்ளே போகாமல் இருக்க நன்றாக இழுத்துச் சாத்தினேன். கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன். தண்ணீர் விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அது எனக்குத் தைரியமாக இருந்தது. பேப்பர் முடிந்தது. அப்போதும் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தது. மொண்டு ஊற்றுகிற சத்தம் இல்லை.

கூப்பிட்டேன். பதில் இல்லை.

உள்ளே ஆவி. சௌந்தரம் நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தாள். ஒரு கை கம்பியைப் பிடித்தபடி இருந்தது. கண் பாதி திறந்திருந்தது. முகம் ரோஜா நிறத்தில் இருந்தது. தூக்கப் பார்த்தேன். முடியவில்லை. இரண்டாம் தடவை தூக்கியபோது என் முழங்கால் மடிந்தது. தலைக்குள் யாரோ சம்மட்டியால் அடித்தார்கள். கத்தியதாக நினைவு. மாதி அம்மா பட்டாணி கொண்டுவந்தவர், கத்திய சத்தத்தில் உள்ளே ஓடிவந்திருக்கிறார். எங்கள் இருவரையும் ஒருவர் பின் ஒருவராகக் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருக்கிறார். வாசல் கதவைத் திறந்துவிட்டதும் குளிர்காற்று என் முகத்தில் அடித்தது மட்டும் எனக்குத் தெரியும்.

இங்கே டாக்டரம்மா முதலில் கேட்டது, "குளிக்கிற ரூம்ல கேஸ் கீசரா?" என்பதைத்தான்.

"ஆமாங்க."

"காத்து போக வழி இருக்கா?"

"இருந்ததுங்க," என்றேன். அவரே புரிந்துகொண்டார். அடைத்த அறையில் கேஸ் எரிந்தால் நஞ்சுக்காற்று உண்டாகும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூச்சோடு ரத்தத்தில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, வாந்தி, தடுமாற்றம், மறதி என்று வரும். வெளியே வந்து நல்ல காற்றைச் சுவாசித்தால் தெளிந்துவிடும்.

"எத்தனை நாளா இப்படி இருக்காங்க?"

"அக்டோபர் கடைசியில இருந்துங்க."

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

டிசம்பர் 16

சௌந்தரம் கண் விழித்துவிட்டாள். ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். கை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள்.

மேகலா வந்திருக்கிறாள். வீட்டுக்குப் போய்த் துணிமணி எடுத்துவந்தாள். குளியலறையைப் பார்த்திருக்கிறாள்.

"ஜன்னல்ல அந்தப் பலகைய யாருப்பா அடிச்சது?"

"குரங்குத் தொல்லை, கண்ணு."

"கதவுக்கு அடியில ரப்பரு?"

"கூடத்துல தண்ணி வந்துச்சு."

அம்மாவின் தலையைச் சீவிவிடப் போய்விட்டாள்.

டிசம்பர் 23

வீட்டுக்கு வந்தாயிற்று. வருமுன்பே கீசரைக் கழற்றச் சொல்லிவிட்டேன். பலகையையும் ரப்பரையும் நானே பிய்த்தேன். கிளம்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்து, "இப்ப நல்லாயிருக்காங்க. ஆனா சில பேருக்கு சில வாரம் கழிச்சு மூளையில பாதிப்பு தெரியலாம். அப்படி வந்தா உடனே கூட்டிட்டு வாங்க. பாத்துக்குங்க," என்றார். மேகலாவிடம் இதைச் சொல்லவில்லை. சில பேருக்குத்தானே.

மகள் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறாள். பிப்ரவரி ஏற்பாட்டை ரத்து செய்கிறேன் என்றாள். அம்மாவுக்கு நோயே இல்லையே.

டிசம்பர் 27

சௌந்தரம் பழைய சௌந்தரம்தான். கத்திகளைத் தானே கீழ்த்தட்டுக்கு இறக்கிவைத்தாள். வீட்டில் ஒரு கதவையும் ஒரு ஜன்னலையும் சாத்த விடுவதில்லை. உறைபனியில் கம்பளிக்குள் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"நான் சொன்னனுங்க."

"என்ன?"

"மூச்சு அடைக்குதுன்னு. அந்த ரூமுதான்னு. வாயால தெளிவாத்தான் சொன்னன்."

"சொன்ன."

"கையப் புடிச்சு உள்ள கூட்டிட்டுப் போனீங்க."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"வேற யாராவது கூப்பிட்டிருந்தா நான் போயிருக்க மாட்டன்," என்றாள். "நீங்க கூப்பிட்டதுனாலதான் போனன்."

அப்புறம் எனக்கு ரசம் ஊற்றினாள். என் கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து, "விடுங்க. சோறு ஆறுது," என்றாள்.

ஜனவரி 2

கீழே கோயில் வரை நடந்தோம். வழியெல்லாம் ஒவ்வொரு மலைக்கும் பெயர் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். இப்போதெல்லாம் நிறையக் கேட்கிறேன்.

ஜனவரி 6

புடவையை உள்பக்கம் வெளியே வரும்படி கட்டியிருந்தாள். குளிரில் அவசரமாகக் கட்டியிருப்பாள்.

ஜனவரி 9

இரவில் அவளுக்குத் தூக்கம் சரியில்லாமல் இருக்கலாம்.

ஜனவரி 11

காப்பித் தம்ளரை நீட்டினால் வாங்கிக்கொள்கிறாள். ஆனால் குடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் வாய்க்குக் கொண்டுபோகும் மாதிரி செய்து காட்டினால், அதைப் பார்த்துக் குடிக்கிறாள். காலை முழுக்கத் திறந்த ஜன்னல் பக்கத்திலேயே இருந்தாள். நல்ல காற்று. வீட்டில் எரிவது எதுவுமில்லை. மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டேன். அடுப்பைக்கூட அணைத்துவிட்டேன். வேறு எங்கிருந்தோ வருகிறதா என்று சுவரெல்லாம் தடவிப் பார்த்தேன்.

எங்கிருந்தும் வரவில்லை.

ஜனவரி 13

டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனேன். நடக்கச் சொன்னார். சௌந்தரம் சின்னச் சின்ன அடியாக, தரையில் கால் ஒட்டிக்கொண்டதுபோல் நடந்தாள். நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். விடை என் முகத்தில் எழுதியிருக்கும் என்று நினைத்தவள்போல.

"நான் அன்னிக்குச் சொன்ன பாதிப்புதான். கொஞ்சம் கொஞ்சமா தேற வாய்ப்பு இருக்கு," என்றார் டாக்டரம்மா. "எவ்வளவு தேறும்னு சொல்ல முடியாது."

ஜனவரி 15

பொங்கல். மேகலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா அன்றைக்கே எச்சரித்ததையும், நவம்பரில் அம்மா குளியலறையில் விழுந்ததையும் சொன்னேன். விழுந்தாள் என்றுதான் சொன்னேன். மகள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறேன், இரண்டு பேரும் கிளம்பவேண்டும் என்று மட்டும் சொன்னாள். சரி என்றேன்.

ஜனவரி 18

காலையில் சௌந்தரத்தைக் காணவில்லை. கதவுகள்தான் எப்போதும் திறந்திருக்கின்றனவே. மாதி அம்மா தேயிலைச் சரிவில் அவளைக் கண்டு கூட்டிவந்தார். காலில் செருப்பு இல்லை. பாதமெல்லாம் சிராய்ப்பு. இன்னும் கொஞ்சம் கீழே போயிருந்தால் பாறை.

போனில் மேகலா சொன்னாள்: "நான் வர்ற வரைக்கும் வாசக்கதவுக்குப் பூட்டுப் போடுங்கப்பா. வேற வழியில்ல."

சரிதான். ஆலையில் இருந்திருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

ஜனவரி 19

வாசல் கதவில் கொண்டி பொருத்த ஆரம்பித்தேன். சௌந்தரம் பக்கத்தில் வந்து நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகப் பேசாதவள் பேசினாள்.

"இதச் சாத்துனா காத்து எப்படிங்க வரும்?"

தெளிவான குரல். எதைக் கேட்கிறாள், எவ்வளவு தெரிந்து கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது. இனித் தெரியப்போவதும் இல்லை. இந்தத் தடவை நான் வாதம் செய்யவில்லை, நயமாகவும் பேசவில்லை. முடுக்கிய திருகாணிகளைத் திருப்பிக் கழற்றினேன்.

"சாத்தலை, சௌந்தரம்," என்றேன்.

தலையாட்டினாள்.

ஜனவரி 20

நாளை மேகலா வருகிறாள். பன்னிரண்டாவது மாடியில் எந்தக் கதவைத் திறந்துவைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கதவை மலரத் திறந்துவைத்து, வாசற்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். காலையிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். வெளியே போவதானால் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். பனிமூட்டம் தேயிலைச் சரிவிலிருந்து ஏறி வாசலுக்கு வந்துவிட்டது. பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

இப்போது சௌந்தரம் எழுந்து வருகிறாள். சிவப்புச் சால்வையைத் தானாகவே போர்த்தியிருக்கிறாள். நான் வழிவிடுவதற்காக என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறாள்.

"எங்க போற?"

"மலை தெரியுதான்னு பாக்கணும்."

"பனி மூடியிருக்குதே."

"போனாத்தானுங்க தெரியும்."

குனிந்து அவள் காலில் செருப்பை மாட்டிவிட்டேன். பொறுமையாகக் காலை நீட்டினாள். இதோ படியிறங்கிவிட்டாள். சால்வையின் சிவப்பு மட்டும் தெரிகிறது. அதுவும் மங்கிக்கொண்டே போகிறது. நானும் பின்னாலேயே போகவேண்டும்.